வீட்டுப் பத்மினியும் வேலூர்ச் சுற்றுவட்டப் பயணங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு வாசலில் நிற்பது 1986 மாடல் பிரிமியர் பத்மினி. மாமனார் வாங்கியது. பல வருஷம் ஓடாமல் ஷெட்டில் கிடந்ததை வீட்டிலேயே பிரித்துச் சரிசெய்து, இப்போது பிள்ளைகளோடு ஏலகிரி, ஜவ்வாது மலை என்று அதிலேயே போய்வருகிறோம். பெட்ரோல் பங்க், டீக்கடை, கல்யாண மண்டபம் என்று எங்கே நிறுத்தினாலும் யாராவது வந்து பானெட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்கிற கேள்விகள்தான் இவை. எஞ்சின் வேலை வீட்டுக்காரர் பார்க்கிறார். வயரிங், சீட், ஆர்.டி.ஓ. காகிதங்கள், மலைப்பாதையில் ஸ்டீயரிங் எல்லாம் என் பொறுப்பு.

இது ஃபியட்டா, பத்மினியா?

எப்படிச் சொன்னாலும் தப்பில்லை. இத்தாலியின் ஃபியட் 1100 காரைப் பம்பாய் குர்லாவில் பிரிமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரித்தது. எழுபதுகளில்தான் பத்மினி என்று பெயர் மாறியது. 1089 சிசி எஞ்சின், கார்புரேட்டர், பின்சக்கர டிரைவ், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். எங்கள் வண்டியில் கியர் ஸ்டீயரிங் பக்கத்தில் இருக்கும். இன்றைய பிள்ளைகள் அதைப் பார்த்து வைப்பர் லீவர் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

எங்கள் தாத்தா கார் ஒன்று சும்மா நிற்கிறது. முதலில் பெயின்ட் அடித்துவிட்டால் ஒரு உற்சாகம் வருமே?

வரும். அந்த உற்சாகத்திலேயே பணம் தீர்ந்து, பளபளவென்று ஓடாமல் நிற்கிற கார்கள் இந்த ஊரிலேயே எத்தனையோ இருக்கின்றன. பார்ப்பதற்கா, ஓட்டுவதற்கா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். ஓட்டுவதற்கு என்றால் வரிசை இதுதான்: பிரேக், கூலிங், பெட்ரோல் வரும் வழி, வயரிங், டயர். பெயின்ட் கடைசி.

பிரேக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தக் காலத்துக் கார்களில் பிரேக் ஆயில் இரண்டு தனித்தனி வழியில் போகும். ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும். பழைய வண்டிகள் பலவற்றில் ஒரே வழிதான். ஒரு சக்கரத்தில் ரப்பர் கிழிந்து ஆயில் கசிந்தால் மிதி நேராகத் தரைக்குப் போய்விடும். அதனால் நின்று கிடந்த வண்டியில் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் எல்லாவற்றுக்கும் ரப்பர் கிட், ஹோஸ் ஆகியவற்றைக் கேள்வியே இல்லாமல் மாற்றிவிடுங்கள். சிலிண்டரின் உள்சுவரில் விரல் நுனியை வைத்துத் தடவினால் சொரசொரப்பு தெரிந்துவிடும். துருக் குழி இருந்தால் புது ரப்பரும் சீக்கிரமே கிழியும்; சிலிண்டரையே மாற்ற வேண்டியதுதான். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சரக்கு. ஈரம் சேர்ந்த ஆயில் மலை இறக்கத்துச் சூட்டில் கொதித்தால் மிதி பஞ்சு மாதிரி அமுங்கும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையாவது முழுதும் மாற்ற வேண்டும். ஹேண்ட் பிரேக் கேபிளை யாரும் கவனிப்பதில்லை. மற்றதெல்லாம் கைவிட்டால் மிச்சம் இருப்பது அதுதான்.

துரு எவ்வளவு இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கடல் தூரம், காற்று வறண்டது என்பதால் சென்னை வண்டிகளைவிட நம் பக்கத்து வண்டிகள் தகட்டில் கொஞ்சம் தேவலை. ஆனாலும் காலடியில் விரித்த மேட்டைத் தூக்கிக் காரின் தரையைப் பாருங்கள். கதவின் அடி விளிம்பு, டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் இடம், ஜாக்கி வைக்கும் இடம் ஆகிய இடங்களில் ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். அப்புறம் ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி மட்கார்டு மேல் நகர்த்துங்கள். இரும்பு இருக்கும் இடத்தில் இழுக்கும். பட்டி (பள்ளத்தை நிரப்பும் பூச்சு) தடிமனாகப் பூசிய இடம் வந்ததும் பிடி விட்டுப் போகும். காந்தம் வழுக்குகிற இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே வந்தால், தகட்டு வேலை பார்க்கும் டிங்கரிடம் பேரம் பேசும்போது வாய் அடைபடாது.

துளை விழுந்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைப்பதுதான் வேலை. துருவின் மேல் பட்டி பூசி மூடித் தருகிற டிங்கர் வேகமாக முடிப்பார், அவரிடம் போகாதீர்கள்.

பெயின்ட்டை வீட்டிலேயே அடிக்கலாமா?

ரெட் ஆக்சைடு பிரைமர் வரைக்கும் வீட்டில் முடியும். பி.யூ. (பாலியூரித்தேன்) பெயின்ட் வேண்டாம். அதன் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலுக்குக் கெடுதல். சாதாரணத் துணி முகமூடி அதைத் தடுக்காது. பெயின்ட் அடிக்கத் தனி அறை (பூத்) உள்ள பட்டறைக்கு விட்டுவிடுங்கள்.

எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய வண்டியைக் கெடுக்குமா?

கவனிக்காமல் விட்டால் கெடுக்கும். இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஹோஸும் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரமும் அதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. ஊறி, மெத்தென்றாகி, வெடித்துவிடும். எத்தனாலைத் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்கி எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். காசு அதிகமில்லை, ஆனால் சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கிற வண்டியின் டாங்கில் அடியில் தண்ணீர் பிரிந்து நின்று துருப்பிடிக்கும். பத்து நாளைக்கு ஒருமுறையாவது ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள்.

ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆவது ஆண்டோடு நாடு முழுக்க நின்றுபோனது. அதை நம்பி வடிவமைத்த பழைய எஞ்சின் ஹெட்டுகளில் வால்வ் உட்காரும் இடம் தேய்ந்துபோகும். எப்படியும் ஹெட்டைக் கழற்றுகிறீர்கள் என்றால், லேத் பட்டறையில் கடினமான வால்வ் சீட் போடச் சொல்லிவிடுங்கள்.

வேலூர் வெயிலில் எஞ்சின் கொதிக்காதா?

இதைக் கேட்காத ஆளே இல்லை. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர், சுற்றிலும் பாறை மலை. கேட்பதில் நியாயம் இருக்கிறது.

ரேடியேட்டரைக் கழற்றிக் கடையில் கொடுத்து, மேல் டாங்கைத் திறந்து குழாய் குழாயாகக் குச்சி விட்டுச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். வெளியிலிருந்து தண்ணீர் அடித்தால் மட்டும் போதாது. போர் தண்ணீரை ஊற்றி ஊற்றித்தான் உள்ளே உப்புப் படிந்திருக்கும். நம் ஊர்த் தண்ணீர் பக்கெட்டில் விடுகிற வெள்ளைக் கோட்டைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கூலன்ட் கலந்த டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்றுங்கள்.

அடுத்தது தெர்மோஸ்டாட், எஞ்சின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்துவைக்கும் வால்வ். சூடாகிறது என்று போனால் பல மெக்கானிக்குகள் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு "இனிமே பிரச்சனை இல்லை" என்பார்கள். நல்ல ரேடியேட்டர் உள்ள வண்டியில் அது வேண்டாத வேலை. எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமலே ஓடும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், ஆயிலில் கசடு சேரும். தெர்மோஸ்டாட் கெட்டிருந்தால் புதிது போடுங்கள். வேலை செய்கிறதா என்று பார்க்க, ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வையுங்கள். கொதி வருவதற்குள் வாய் திறக்க வேண்டும். எங்கள் வீட்டில் இதற்கென்றே ஒரு பழைய பால் பாத்திரம் ஷெட்டுக்குப் போய்விட்டது; மாமியார் இன்னும் அதைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

மூன்றாவது சிக்கலைக் கொதிப்பு என்று தவறாக நினைத்துவிடுவார்கள். மத்தியானம் ஆம்பூரில் சாப்பிட நிறுத்துவீர்கள். திரும்பி வந்து செல்ஃப் அடித்தால் எஞ்சின் சுற்றும், பிடிக்காது. நிறுத்திய வண்டியில் காற்றோட்டம் இல்லாததால், எஞ்சின் சூட்டில் பம்ப்பிலும் குழாயிலும் இருக்கும் பெட்ரோல் ஆவியாகிவிட்டது. பம்ப் திரவத்தை இழுக்கும், ஆவியை இழுக்காது. எத்தனால் சேர்ந்த பிறகு இது அதிகம் என்பது எங்கள் அனுபவம். பதறி செல்ஃபை அடித்துக்கொண்டே இருந்தால் பேட்டரிதான் இறங்கும். பானெட்டைத் திறந்து, ஒரு துணியை நனைத்துப் பிழிந்து பம்ப் மேல் போட்டுவிட்டு, நிழலில் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். கை வைத்தால் பம்ப் சுடாத பதத்துக்கு வந்ததும் பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் குழாய் எக்ஸாஸ்ட்டுக்கு மிக அருகில் போகிறதா என்று பார்த்துத் தள்ளிக் கட்டுவதுதான் நிரந்தர வழி.

சூடான ரேடியேட்டர் மூடியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள்.

பார்ட்ஸ் எங்கே கிடைக்கிறது?

பிரேக், கிளட்ச், பேரிங், ஃபேன் பெல்ட் போன்றவை சென்னை ஜி.பி. ரோட்டில் இன்னும் கிடைக்கும். பம்பர், விளக்குக் கண்ணாடி, கதவுக் கைப்பிடி மாதிரி உடல் பாகங்களுக்குப் புதுப்பேட்டை. பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள்; பெயர் சொல்லிக் கேட்டால் வேறு மாடலுக்கானதைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். கிடைக்காத புஷ், பின் ராணிப்பேட்டைப் பக்கத்து லேத்தில் கடைந்து தருவார்கள்.

பிள்ளைகளை ஷெட்டில் விடுகிறீர்களா?

விடுகிறோம், மூன்று சட்டங்களோடு. வெறும் ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் யாருடைய தலையும் போகக் கூடாது. இரும்பு ஸ்டாண்ட் கட்டாயம். ஷெட் கதவு மூடியிருக்கும்போது எஞ்சினை ஸ்டார்ட் செய்யக் கூடாது. பிரேக் டிரம்மைத் திறந்தால் ஏர் பிடித்து ஊதக் கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால் ஈரத் துணியால்தான் துடைக்க வேண்டும்.

மற்றபடி அவர்களுக்கு நிறைய வேலை இருக்கிறது. மகள் கண்டுபிடித்த முறை ஒன்று மெக்கானிக்கே பார்த்துவிட்டுப் பாராட்டியது. வாட்டர் பம்ப்பைக் கழற்றும்போது அதன் உருவத்தை அட்டையில் வரைந்து, போல்ட் இருந்த இடத்தில் துளை போட்டு, எந்தத் துளையில் எது இருந்ததோ அதை அங்கேயே குத்திவைத்துவிடுவாள். ஒரே மாதிரி தெரிகிற போல்ட்டுகளில் ஒன்று மட்டும் அரை விரற்கடை நீளமாக இருக்கும். இடம் மாறி முடுக்கினால் அலுமினிய மரை போய்விடும். அட்டை இருந்தால் அந்தக் கவலை இல்லை.

தோல் ஊர்க்காரர்கள் நீங்கள், சீட்டுக்குத் தோல் போட்டிருக்கலாமே?

ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று சுற்றிலும் தோல் பதனிடும் ஊர்கள்தான். ஆனால் இங்கே பெரும்பாலும் போவது செருப்புக்கும் ஷூவுக்குமான சரக்கு. சீட்டுக்குப் பெரிய, தடிமனான தோல் வேண்டும். அதைவிட, மே மாதம் வெயிலில் நின்ற காரில் தோல் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். கம்பெனி போட்ட ரெக்சினையே போட்டு, மேலே பருத்தித் துண்டு விரித்துவிட்டோம். தேங்காய் நார் மெத்தை உளுத்துப்போயிருந்தால் அதை மட்டும் மாற்றுங்கள்.

15 வருஷம் தாண்டினால் ஸ்கிராப்புக்குப் போட்டுவிட வேண்டுமாமே?

தமிழ்நாட்டில் சொந்த உபயோகக் காருக்கு அப்படி இல்லை. டெல்லிச் செய்தியைப் பார்த்துவிட்டுப் பயப்படுகிறார்கள். 15 வருஷம் முடிந்ததும் வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொண்டுபோய்ச் சோதனையில் தேறினால், ஐந்தைந்து வருஷமாக ஆர்.சி.யை (பதிவுச் சான்றை)ப் புதுப்பித்துத் தருவார்கள். படிவம் 25, பசுமை வரி, இன்ஷூரன்ஸ், புகைச் சான்று வேண்டும். கட்டணம்தான் கையைக் கடிக்கிறது: கார்களுக்கு 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலில் 5,000 ஆனது; 20 வருஷம் தாண்டியவற்றுக்கு 2025-இல் 10,000 ஆக்கினார்கள். நிறத்தை மாற்றினாலும் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். டீசல் எஞ்சின் மாற்றிய பத்மினியை மலிவாகத் தருகிறார்கள் என்றால், அந்த மாற்றம் ஆர்.சி.யில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வின்டேஜ் நம்பர் வாங்கலாமா என்றும் கேட்பார்கள். 2021 விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருஷம் ஆகியிருக்க வேண்டும். எங்களுடையதற்கு 2036 வரை பேச்சே இல்லை. கிடைத்தாலும் கண்காட்சி, வின்டேஜ் ராலி, பெட்ரோல் போட, பழுதுபார்க்க என்று சிலவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். பிள்ளைகளை அருவிக்குக் கூட்டிப்போக முடியாது. எங்களுக்கு அது வேண்டாம்.

வேலை முடிந்த வண்டியை முதலில் எங்கே எடுத்துப் போவது?

நடுவழியில் நின்றால் ஆட்டோ பிடித்துத் திரும்பக்கூடிய தூரம். எங்கள் தேர்வு விரிஞ்சிபுரம். பெங்களூர் ரோட்டில் கொஞ்ச தூரம்தான். 'விரிஞ்சை மதிலழகு' என்பது சும்மா வந்த பேச்சல்ல, மார்க்கபந்தீஸ்வரர் கோயில் மதிலைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். உள்ளே நிழலை வைத்து நேரம் பார்க்கும் கல் ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் செல்போனோடு ஒப்பிட்டுச் சண்டை போடுவார்கள். மார்க்கபந்து வழித்துணை நாதர் என்பதால் புது வண்டிக்கும் பொருத்தம். எங்கள் வீட்டில் எலுமிச்சம்பழம் நசுக்கியது அங்கேதான்.

அடுத்த கட்டம் வள்ளிமலை. குன்றின் மேல் பாறையில் சமணச் சிற்பங்கள், அடியில் முருகன் கோயில். இல்லாவிட்டால் அமிர்தி, ஜவ்வாது மலை அடிவாரத்துச் சின்ன உயிரியல் பூங்கா. பழைய வண்டிக்கு இந்தச் சாலைகள் தோது: போக்குவரத்து குறைவு, அவசரம் இல்லை.

வயதானவர்களோடு போக?

மகேந்திரவாடி. சோளிங்கர் பக்கம், தனியாக நிற்கும் ஒரே பாறையைக் குடைந்து முதலாம் மகேந்திரவர்மன் திருமாலுக்கு எடுத்த கோயில். படி ஏற வேண்டாம். ஏரியின் பெயரும் ஊரின் பெயரும் சேர்ந்தே கல்வெட்டில் இருக்கின்றன. திரும்பும் வழியில் காவேரிப்பாக்கம் ஏரி. தண்ணீர் நிறைந்த வருஷம் என்றால் கரையிலிருந்து யாரும் கிளம்ப மாட்டார்கள்.

இந்த வண்டி ஏலகிரி ஏறுமா?

தாராளமாக. பொன்னேரியில் தொடங்கி 14 கொண்டை ஊசி வளைவுகள், மேலே சுமார் 1,100 மீட்டர் உயரம். வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். அவ்வையார் வந்தாச்சா, பாரி வந்தாச்சா என்று பின்சீட்டில் எண்ணிக்கொண்டே வருவார்கள். வளைவுக்கு முன்னாலேயே இரண்டாவது கியருக்கு வந்துவிடுங்கள். வளைவின் நடுவில் கியர் தேடினால், ஸ்டீயரிங் கியரில் சில சமயம் எதுவும் விழாமல் நின்றுவிடும். ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும் என்பது முறை. நடைமுறையில் வேன்காரர்களிடம் எதிர்பார்க்காதீர்கள், வளைவில் ஹாரன் அடியுங்கள்.

எனக்கு ஏற்றம் பயமில்லை. இறக்கம்தான். ஏறின கியரிலேயே இறங்க வேண்டும். நியூட்ரலில் விட்டுப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற அறிவுரையைச் சொல்கிறவரை வண்டியிலிருந்து இறக்கிவிடுங்கள். டிரம் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறி லைனிங் கருகிய வாடை வரும். அதற்கப்புறம் எவ்வளவு மிதித்தாலும் பிடி குறைவுதான். மிதித்தால் நன்றாக மிதித்து, முழுவதும் விட்டுவிடுங்கள். வாடை வந்தால் அகலமான இடத்தில் ஒதுங்கி நில்லுங்கள்.

ஜலகாம்பாறை அருவியை ஏலகிரியோடு சேர்த்துப் பார்க்கலாம், ஆனால் காரில் போக மலையிறங்கித் திருப்பத்தூர் பக்கம் போக வேண்டும். வடகிழக்கு மழை பெய்த பிறகுதான் தண்ணீர்.

ஜவ்வாது மலையில் என்ன இருக்கிறது?

ஏலகிரியைவிட எனக்குப் பிடித்தது. ஓட்டல், போட்டிங் என்று போகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். ஜமுனாமரத்தூரில் ஏரி, கொஞ்சம் தள்ளி பீமன் அருவி. வழியெல்லாம் சாமை வயல், பலா, புளி. மலைவாழ் மக்கள் விற்கும் சாமையும் தேனும் வாங்காமல் திரும்ப மாட்டோம். போளூரிலிருந்து ஏறும் பாதை நல்லது. ஒதுக்குப்புறச் சாலைகளில் மெக்கானிக் கிடையாது, செல்போன் சிக்னலும் பல இடத்தில் கிடையாது. பெட்ரோலைக் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஆலங்காயம் பக்கம் ஏறினால் காவலூர். வைணு பாப்பு வானாய்வகம் அங்கேதான், 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் திறக்கப்பட்டது. எங்கள் காரும் அதே வருஷம் என்பதில் மகனுக்குப் பெரிய பெருமை. பொதுமக்களுக்குச் சனிக்கிழமை. கிளம்பும் முன் அனுமதி நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது. ராத்திரி அந்த மலையை இறங்குவதென்றால் ஹெட்லைட் பலமாக இருக்க வேண்டும். பழைய வயரிங்கில் ரிலே (பேட்டரி மின்சாரத்தை நேராக விளக்குக்கு விடும் சுவிட்ச்) போட்டால் அதே பல்பு இரண்டு மடங்கு வெளிச்சம் தருவதுபோல் தெரியும்.

ஹைவேயில் எப்படி?

இடது ஓரம், 60-இலிருந்து 70 வேகம். லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள், அவர் சட்டென்று நிறுத்தினால் நம் டிரம் பிரேக் போதாது. பள்ளிகொண்டா, வாணியம்பாடி டோல்களில் இதற்கும் ஃபாஸ்டேக் வேண்டும். பின்சீட்டில் பெல்ட் இல்லாத மாடல் என்றால், பாடியில் கனத் தகடு வைத்து போல்ட் போட்டுப் பொருத்தச் சொல்லுங்கள். வெறும் தகட்டில் திருகினால் பிய்த்துக்கொண்டு வரும்.

சாப்பாடு?

போகும்போது கட்டுசாதம். வரும்போது ஆம்பூரில் சீரகச் சம்பா பிரியாணி, கூடவே கத்திரிக்காய். ஆற்காடு வழி என்றால் மக்கன் பேடா. அணைக்கட்டு ஊர்ப் பக்கம் போனால் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய வேலூர்ச் சரக்கு.

மழைக்காலத்தில் எடுப்பீர்களா?

தூறலில் எடுப்போம். வைப்பர் ரப்பரை மாற்றிவிட்டு. பாலாற்றில் எப்போதும் மணல்தானே என்று கேட்பவர்கள் 2021 நவம்பரை மறந்துவிட்டார்கள். தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் முழங்கால் அளவுதானே என்று இறங்காதீர்கள். இந்த வண்டி எடை குறைவு, பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரில் ஈரம் ஏறினால் நடு ஆற்றிலேயே நின்றுவிடும்.

"இதுக்குக் கொட்டுற காசுல புதுசே வாங்கியிருக்கலாமில்ல?" (இது மாமியார்)

புதுக் காரும் இருக்கிறது அத்தை. ஆஸ்பத்திரிக்கு அதில்தான் போகிறோம்.

டிக்கியில் என்னவெல்லாம் வைத்திருக்கிறீர்கள்?

ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று கிளம்பும்போதே பார்த்துவிடுவோம். ஃபேன் பெல்ட் ஒன்று, டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பாயின்ட், கண்டென்சர், ரோட்டார், அப்புறம் பிளக், ஃபியூஸ், ஒரு மீட்டர் பெட்ரோல் ஹோஸ், கிளிப், இன்சுலேஷன் டேப். தீயணைப்பான் டிக்கியில் வேண்டாம், முன்சீட்டுக்கு அடியில் கை எட்டும் இடத்தில். ஐந்து லிட்டர் கேனில் தண்ணீர், பாதி அவசரத்துக்கு ரேடியேட்டரில் ஊற்ற, பாதி எங்களுக்கு. சக்கரத்துக்கு அண்டக் கொடுக்க இரண்டு கட்டை. மலையில் டயர் மாற்றும்போது கல்லைத் தேடி அலைய வேண்டாம். ஒரு பழைய லுங்கி, பம்ப் மேல் போட.